வராமல் நின்றவர்கள் ஏன் நின்றார்கள்? முதியோர் மன்றக் கூட்டங்களிலும் பயணங்களிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் நகரில் மூத்த குடிமக்கள் மன்றம் தொடங்கிய முதல் மாதம் 60 பேர் வந்தார்கள். ஆறாவது மாதம் 22 பேர். செயற்குழுவில் இருந்த எங்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சண்டை சச்சரவு கிடையாது. டிபன் நன்றாகத்தான் இருந்தது. யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை.

அப்புறம்தான் வீடு வீடாகப் போய்க் கேட்டோம். "முட்டி வலி தம்பி", "பேரனுக்குப் பரீட்சை" என்றுதான் முதலில் பதில் வந்தது. ஒரு வீட்டில் காபி குடித்து முடித்துக் கிளம்பும்போது, அந்த அம்மா வாசல் வரை வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "காஞ்சிபுரம் போனோமில்ல, அன்னிக்குக் காலையிலேருந்து நான் தண்ணியே குடிக்கலை. நடுவுல வண்டியை நிறுத்தச் சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு. ராத்திரி வீட்டுக்கு வந்ததும் தலை சுத்திக் கட்டில்ல விழுந்துட்டேன்."

அவருக்கு 74 வயது. பிரஷருக்கு, சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் நீர் மாத்திரை எடுத்துக்கொள்பவர். வெயிலில் ஒரு முழு நாள் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறார், எங்கள் வண்டியில், எங்கள் கண் முன்னால். யாரும் கவனிக்கவில்லை.

வயதானவர்கள் பெரும்பாலும் புகார் சொல்லிவிட்டு விலகுவதில்லை. சும்மா நின்றுவிடுகிறார்கள். நாமும் "அவங்களுக்கு ஆர்வம் இல்லை" என்று எழுதி வைத்துவிடுகிறோம். அப்படி நின்றுபோனவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவைதான் இனி வருபவை. எல்லாமே நாங்கள் செய்த தவறுகள்.

முதலில் பாத்ரூம், பிறகுதான் ஊர்

எங்கே போகலாம் என்று பேச ஆரம்பித்தால் இரண்டு மணி நேரம் பேசுவோம். வழியில் எங்கே கழிப்பறை இருக்கிறது என்று ஐந்து நிமிடம்கூடப் பேச மாட்டோம். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர், நீர் மாத்திரை எடுப்பவர், புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர், சிரித்தாலும் இருமினாலும் சிறுநீர் கசிகிறது என்று யாரிடமும் சொல்லாத பெண்கள், எல்லோரும் அதே வண்டியில்தான் இருக்கிறார்கள்.

இன்னொன்று: கழிப்பறை இருந்தால் மட்டும் போதாது. முட்டி மடங்காதவருக்கு இந்திய முறைக் கழிப்பறை இருந்தும் இல்லாதது போலத்தான். உட்கார முடிந்தாலும் எழுந்திருக்கப் பிடிமானம் வேண்டும். அதனால் இப்போது பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு எங்களில் ஒருவர் அந்த வழியில் போய், வெஸ்டர்ன் கழிப்பறை எங்கே இருக்கிறது, தண்ணீர் வருகிறதா, வாசலில் படி எத்தனை என்று பார்த்துவிட்டு வருகிறார். யாராவது கேட்டால்தான் நிறுத்துவது என்றும் வைத்துக்கொள்வதில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டி தானாக நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். கேட்க வேண்டியதில்லை என்று தெரிந்தாலே தண்ணீர் குடிக்கத் தொடங்குகிறார்கள். நான் கண்ணால் பார்த்தது இது.

காஞ்சிபுரத்தில் நடு மத்தியானம்

அந்தக் காஞ்சிபுரம் பயணத்தில் தவறுகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்தன. எட்டு மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது ஒன்பதே கால். வழியில் டிபன். காஞ்சிக்குள் நுழையும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. பெரும்பாலான கோயில்களில் 12, 12.30 மணிவாக்கில் நடை சாத்தினால் மறுபடி திறக்க நான்கு மணி ஆகும். இது தெரியாதவர் எங்களில் ஒருவரும் இல்லை. தெரிந்தும் பட்டியலில் ஐந்து கோயில் எழுதியிருந்தோம். காமாட்சியம்மனை அவசர அவசரமாகப் பார்த்தோம். மிச்சமிருந்த மூன்றரை மணி நேரத்தை வண்டியிலும் ஒரு பட்டுப்புடவைக் கடையிலும் கழித்தோம். படுக்க இடமில்லாமல், கால் நீட்ட முடியாமல், 80 வயதுக்காரர் ஒருவர் கடைத் திண்ணையில் சுவரில் சாய்ந்து தூங்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

சாயந்திரம் வரதராஜப் பெருமாள் கோயில். பெருமாளைச் சேவிக்க அத்திகிரி என்ற சிறு குன்றுக்கு 24 படி ஏற வேண்டும். காலையில் தெம்பாக இருந்தபோது ஏறியிருக்கக்கூடிய படிகளை, களைத்துப்போன மாலையில் கொண்டுபோய் வைத்தோம். ஏழு பேர் கீழேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

இப்போது ஒரு நாளைக்கு ஓர் இடம், மிஞ்சினால் இரண்டு. காஞ்சிக்கு மறுபடி போனபோது வரதர் கோயில் மட்டும் காலையில். சாப்பாட்டுக்குப் பிறகு, வாடகைக்கு எடுத்த ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில் பாய் விரித்து இரண்டு மணி நேரம் ஓய்வு. மாலையில் கைலாசநாதர் கோயில். அவ்வளவுதான். எட்டாம் நூற்றாண்டில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய அந்த மணற்கல் கோயிலை அவசரமில்லாமல் ஒரு மணி நேரம் பார்த்தோம். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் சுற்றுச் சுவரின் சிறு மாடங்களில் மிஞ்சியிருக்கும் பழைய வண்ணங்களைக் காட்டி விளக்கினார். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்தக் கோயிலில் கருவறையைச் சுற்றிவர ஒரு குறுகலான வழி உண்டு. தவழ்ந்து நுழைந்து தவழ்ந்து வெளியே வர வேண்டும்; வந்தால் மறுபிறவி இல்லை என்ற நம்பிக்கை. ஒருவர் இறங்கினால் பத்துப் பேருக்கு ஆசை வரும். முட்டி தேய்ந்தவர், பருமனானவர், மூச்சிரைப்பு உள்ளவர் பாதியில் சிக்கினால் இழுத்து வெளியே எடுப்பது பெரும்பாடு. இதை அங்கே போய் நின்றுகொண்டு தடுக்கக் கூடாது, மனசு நோகும். வண்டியிலேயே சொல்லிவிட வேண்டும்.

பாதம்

கோயில் பயணங்களில் அதிகம் கவனிக்கப்படாத ஆபத்து தரைச் சூடுதான். பதினொரு மணிக்கு மேல் பிராகாரத்துக் கருங்கல் தகிக்கும். நமக்குச் சுட்டால் ஓடி நிழலுக்குப் போய்விடுவோம். பல வருஷச் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சுடுவதே தெரியாது. அவர் நிதானமாக மூன்று சுற்று சுற்றுவார். இரவில் சாக்ஸைக் கழற்றும்போதோ மறுநாள் குளிக்கும்போதோதான் கொப்புளம் தெரியவரும். அந்தக் கொப்புளம் உடைந்து, ஆறாத புண்ணாகி, விரலை எடுக்கும் வரை போகலாம். ஆகவே வெளிப்பிராகாரம் சுற்றுவதாக இருந்தால் காலை ஒன்பதுக்குள். கோயிலில் அனுமதி இருந்தால் கெட்டியான பருத்தி சாக்ஸ். திரும்பி வண்டி ஏறியதும் சர்க்கரை உள்ளவர்கள் ஒவ்வொருவரும் பாதத்தை ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். குனிந்து பார்க்க முடியாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். எங்கள் வண்டியில் இதற்கென்றே ஒரு கைக்கண்ணாடி இருக்கிறது.

வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏசி இருக்கிறதா என்று கேட்கும் நாம், முதல் படி எவ்வளவு உயரம் என்று கேட்பதில்லை. பல வேன்களில் அது முழங்கால் உயரம் இருக்கிறது. புடவை கட்டிய 75 வயது அம்மாவுக்கு அதில் ஏறுவது அவமானமான வேலை. இரண்டு பேர் கையைப் பிடித்து இழுக்க, ஒருவர் பின்னால் தாங்க வேண்டியிருக்கிறது. பிளாஸ்டிக் ஸ்டூல் போடாதீர்கள், சறுக்கும். ரப்பர் அடித்த அகலமான மரப்பலகைப் படி ஒன்றைத் தச்சரிடம் சொல்லிச் செய்துகொண்டால் வருஷக்கணக்கில் வரும்.

அறுபதும் எண்பத்தைந்தும் ஒன்றல்ல

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி 60 வயதானவர்கள் எல்லோரும் மூத்த குடிமக்கள்தான். ஆனால் போன மாதம் ஓய்வுபெற்றவரும், கைத்தடியோடு வரும் 85 வயதுக்காரரும் ஒரே வேகத்தில் நடக்க முடியுமா? ஒரே நிகழ்ச்சியாக வைத்தால் இளையவருக்கு அலுப்பு, மூத்தவருக்கு மூச்சுத் திணறல். எங்களுடைய முதல் பட்டியலில் பழனி இருந்தது. படி ஏற முடியாதவர்களுக்கு ரோப்கார் இருக்கிறதே என்ற தைரியம். அது மாதத்தில் ஒரு நாளும், ஆண்டுக்கு ஒரு முறை பல வாரங்களும் பராமரிப்புக்காக நிறுத்தப்படும் என்பதை யோசிக்கவே இல்லை. இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு நீண்ட பயணம், நடக்க முடிந்தவர்களுக்கு. மற்ற மாதங்களில் எல்லோரும் வரக்கூடிய அரை நாள் பயணம். வண்டலூர் உயிரியல் பூங்காவில் பேட்டரி வண்டியில் உட்கார்ந்தபடியே சுற்றலாம். தென்னிந்தியப் பழைய வீடுகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் முட்டுக்காடு தட்சிணசித்ராவில் வீட்டுத் திண்ணைகளைப் பார்த்ததுமே எல்லோரும் தத்தம் பிறந்த ஊர்க் கதைக்குப் போய்விடுவார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் திருவாலங்காட்டு நடராஜர் வெண்கலச் சிலை முன்னால் எவ்வளவு நேரம் நின்றாலும் யாரும் விரட்ட மாட்டார்கள். வண்டலூருக்கும் தட்சிணசித்ராவுக்கும் செவ்வாய் விடுமுறை, அருங்காட்சியகத்துக்கு வெள்ளி. சித்திரைக் கடைசியில் தொடங்கும் அக்னி நட்சத்திரத்திலும், ஐப்பசி அடைமழையிலும் எங்கும் போகாமல் மன்றத்திலேயே கூடுவது நல்லது. பெரிய முகூர்த்த நாளும் வேண்டாம். வேன் கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை ஏறிவிடும்.

கோயில், கோயில், கோயில்

இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும். ஆனாலும் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு மாதமும் கோயில் பயணமாகவே வைத்தால் மன்றத்தில் இருக்கும் கிறிஸ்தவ, இஸ்லாமிய உறுப்பினர்களுக்கு இடமே இல்லை. அவர்கள் சந்தா மட்டும் கட்டிக்கொண்டிருப்பார்கள். இன்னொரு கூட்டமும் விடுபட்டுப் போகிறது. கணவனையோ மனைவியையோ இழந்தவர்கள் பலர் வருஷம் திரும்பும் வரை கோயிலுக்கும் விசேஷங்களுக்கும் வர மாட்டார்கள். யாரும் தடுக்காவிட்டாலும் அவர்களே வர மாட்டார்கள். தனிமை அதிகம் அழுத்துகிற அந்த ஒரு வருஷத்தில்தான் மன்றம் அவர்களுக்கு மிகவும் தேவை. பறவை பார்க்க வேடந்தாங்கல், காலையில் கடற்கரை, ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து ஊறுகாய் போடுவது என்று இருந்தால் தயங்காமல் வருகிறார்கள். "விசேஷம் ஒண்ணும் இல்லீங்க, சும்மா உக்காந்து பேசத்தான்" என்று நேரில் போய்க் கூப்பிட வேண்டும்.

பணம்

தலைக்கு 800 ரூபாய் என்று போர்டில் எழுதிப் போடுவது நமக்குச் சாதாரணம். அரசின் முதியோர் உதவித்தொகையை மட்டும் நம்பி இருப்பவருக்கும், ஒவ்வொரு செலவுக்கும் மகனிடம் கை நீட்ட வேண்டியவருக்கும் அது கதவைச் சாத்துவது போல. அதைவிடப் பெரிய தவறு, "இவங்களுக்கு நம்ம மன்றமே இலவசமா ஏற்பாடு பண்ணியிருக்கு" என்று மைக்கில் சொல்வது. நல்லெண்ணத்தில்தான் சொன்னோம். அவர் அதற்குப் பிறகு வரவில்லை. இப்போது பெட்டியில் உறை போடுவதுதான் வழக்கம். உறைமேல் பெயர் கிடையாது, உள்ளே இருப்பது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. கூடப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். எங்களுக்கு இதுவரை பற்றாக்குறை வந்ததில்லை.

மன்றத்துக்குள்ளே

மாதக் கூட்டத்தில் மியூசிக்கல் சேர் வைக்காதீர்கள். தயவு செய்து வைக்காதீர்கள். எலும்பு தேய்ந்த வயதில் நாற்காலிக்காக முண்டியடித்து விழுந்தால் இடுப்பெலும்பு முறியும்; அதன்பின் பழையபடி நடமாட முடியாமலே போய்விடுபவர்கள் நிறைய. பல்லாங்குழி, தாயம், கேரம், பாட்டுக்குப் பாட்டு எல்லாம் இருக்கின்றன.

சிறப்பு விருந்தினர், பொன்னாடை, ஒரு மணி நேரச் சொற்பொழிவு என்று போனால், காது மந்தமானவர்கள் பின்வரிசையில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். மைக் சத்தத்தைக் கூட்டினால் கேட்கும் என்று நினைக்கிறோம். காதுக் கருவி போட்டவருக்கு அந்த இரைச்சல் தலைவலிதான். எட்டெட்டுப் பேராக வட்டமாக உட்கார வைத்தால், முகத்தைப் பார்த்துப் பேசும்போது பாதி உதட்டிலிருந்தே புரிந்துகொள்வார்கள். நேரத்தையும் பாருங்கள். மூன்றரைக்குப் பேரப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வர வேண்டிய பாட்டிகள் மூன்று மணிக் கூட்டத்துக்கு எப்படி வருவார்கள்? ஆண்கள் மட்டுமே வந்த எங்கள் கூட்டம், காலை பத்தரைக்கு மாற்றியதும் பாதிக்குப் பாதி பெண்களாக ஆனது.

அறிவிப்பை வாட்ஸ்அப்பில் மட்டும் போடுவதும் தவறுதான். இரண்டு நாள் முன்பு ஒரு போன். முடியாதவர்களுக்கு நேரில் ஒரு எட்டு.

மாத்திரை, சீட்டு, வீடு திரும்புதல்

பயண நாளில் சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப்போவது நமக்குப் பசி. இன்சுலின் போட்டுக்கொண்டவருக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம். கை நடுங்கி, வியர்த்து, பேச்சு மாறினால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் பார்த்து, தேறாவிட்டால் மறுபடி கொடுக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐ அழைக்க வேண்டும். பாத்ரூம் பயத்தில் நீர் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்துகிறவர்கள் உண்டு. பயண நாளில் எப்போது போடலாம் என்று முன்பே டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு வரச் சொல்லுங்கள். சட்டைப்பையிலோ கைப்பையிலோ ஒரு சீட்டு: பெயர், வீட்டு போன், சாப்பிடும் மாத்திரைகள். மறதி தொடங்கியவருக்கு மட்டும் துணை போட்டால் அவருக்கு உறுத்தும். எல்லோரையும் ஜோடி ஜோடியாகப் பிரித்துவிட்டால் பிரச்சினை இல்லை. ஆள் எண்ணுவதும் சுலபம்.

கண்புரை உள்ளவர்களுக்கு இருட்டில் தெரு தெரியாது. அதனால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுகிறோம். முனையில் இறக்கிவிட்டுப் போகாமல் ஒவ்வொருவரையும் வாசலில் இறக்கி, கதவைத் திறந்து உள்ளே விளக்குப் போடும் வரை வண்டி நிற்கிறது. தனியாக இருப்பவர்களுக்கு மறுநாள் காலை ஒரு போன் போகிறது. கால் எப்படி இருக்கிறது, ராத்திரி தூங்கினீர்களா, தண்ணீர் குடித்தீர்களா என்று மூன்று கேள்வி. அடுத்த மாதம் எங்கே போகலாம் என்பதை அவர்களாகவே அந்தப் போனில் சொல்லிவிடுகிறார்கள்.