மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின் மாலை ஆறு மணியைக் கடப்பது எப்படி

குடிநோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்து, ஒரு வாரமோ பத்து நாளோ நச்சுநீக்கச் சிகிச்சை பெற்று வீடு திரும்புகிறவருக்குக் கை நடுக்கம் நின்றிருக்கும், சாப்பாடு இறங்கத் தொடங்கியிருக்கும். அதைப் பார்த்து வீட்டார் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள். உண்மையில் உடம்பிலிருந்து மது வெளியேறியிருக்கிறதே தவிர, குடிக்க வேண்டும் என்ற ஏக்கம் இன்னும் போகவில்லை. தூக்கமின்மையும் எரிச்சலும் சில வாரங்களுக்கு, சிலருக்கு மாதக்கணக்கில்கூட நீடிக்கும். இதை முன்பே அறிந்திருந்தால், 'குடியை விட்டும் நிம்மதி இல்லையே' என்று மனம் உடையாது.

முதலில் திட்டமிட வேண்டியது மாலைப்பொழுதை. என் அண்ணன் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறார். சனிக்கிழமை சம்பளம், வழியிலேயே டாஸ்மாக், கூடவே நண்பர்கள் என்று பதினைந்து ஆண்டுகள் பழகிய பாதை அது. சிகிச்சை முடிந்து வந்த முதல் மூன்று மாதங்கள், அவரே கேட்டுக்கொண்டபடி, சனிக்கிழமைதோறும் அண்ணி பட்டறை வாசலுக்குப் போனார். அண்ணன் சம்பளக் கவரைப் பிரிக்காமல் அண்ணி கையில் கொடுத்துவிட்டு, இருவரும் எதிர்க்கடையில் நின்று டீ குடித்து, டாஸ்மாக் இல்லாத தெரு வழியாகப் பத்து நிமிடம் சுற்றி நடந்து வீட்டுக்கு வருவார்கள். அவர் கேட்காமல் அண்ணி போய் நின்றிருந்தால் அது காவலாகிச் சண்டையில்தான் முடிந்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

வீட்டுக்கு வந்தவுடன் வயிறு நிறைய வேண்டும். பசியும் களைப்பும் சேர்ந்தால் ஏக்கம் பல மடங்காகும் என்பதால், ஆறரை மணிக்கு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலோ நான்கு இட்லியோ தயாராக இருக்கட்டும். எப்படியும் சில நாட்கள் ஏக்கம் பொங்கி எழத்தான் செய்யும். ஆனால் அது பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அந்த அரை மணியைத் தனியாக உட்கார்ந்து கழிக்காமல், குடிக்காத ஒருவருடன் போனில் பேசியோ, குளித்தோ, நடந்தோ கடக்க வேண்டும்.

சாவு வீடும் கல்யாண வீடும் நம் பகுதியில் தவிர்க்க முடியாதவை. குடிக்காத ஒருவரோடு போய், மாலையைப் போட்டு, துக்கம் விசாரித்து, அவருடனேயே திரும்பிவிடுவது நல்லது. யாராவது வற்புறுத்தினால், 'மாத்திர போட்டுக்கினு இருக்கேன் மச்சான், தொட்டா ஆஸ்பத்திரிதான்' என்று ஒரே வரியில் சொல்லி நகர வேண்டும். காரணங்களை விளக்க நின்றால் வற்புறுத்தலுக்கு இடம் கொடுத்தது போலாகும். காசிமேட்டில் படகுத் தொழில் செய்கிறவர்கள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன்பே வலை பின்னுவதையோ வேறு வேலையையோ ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். வேலையில்லாத நீண்ட பகல் மிகவும் ஆபத்தானது.

நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் குடிக்காமல் இருக்க உதவும். கல்லீரல், சிறுநீரக நிலையைப் பார்த்து மருத்துவரே அவற்றைத் தேர்ந்தெடுப்பார். தயமின் எனப்படும் பி1 வைட்டமினைத் தந்திருந்தால் பாதியில் நிறுத்தக்கூடாது. டைசல்ஃபிராம் வேறு வகையைச் சேர்ந்தது. அதைச் சாப்பிடுகிறவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, உயிருக்கே ஆபத்து நேரலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. ஆகவே, அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுப்பதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். அன்பினால்தான் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அது கொடிய செயல்.

மாத்திரைக்கு இணையாகத் துணையும் தேவை. குடியை விட ஒருவருக்கொருவர் துணைநிற்பவர்களின் அமைப்பு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்; 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய அதன் கூட்டங்கள் சென்னையிலும் நடக்கின்றன. கட்டணம் இல்லை, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் போதும். குடும்பத்தாருக்கு அல்-அனான் கூட்டங்கள் உண்டு. ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் தொடர் சிகிச்சை பெறலாம். நள்ளிரவில் பேச ஆள் வேண்டுமானால் 14416 என்ற டெலிமானஸ் எண் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) இருக்கிறது.

ஒருநாள் தவறிக் குடித்துவிட்டால் மறைக்காமல் மறுநாளே மருத்துவரிடம் போக வேண்டும். பல நாட்கள் தொடர்ந்து குடித்திருந்தால், வைராக்கியத்தோடு வீட்டிலேயே திடீரென நிறுத்தக்கூடாது. முதல் சில நாட்களில் வலிப்பு வரலாம், இல்லாத உருவங்கள் தெரியலாம், ஆள் அடையாளம் தெரியாமல் போகலாம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108-ஐ அழைத்து, டிஸ்சார்ஜ் சீட்டையும் சாப்பிட்டு வந்த மாத்திரைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அவற்றை எங்கள் வீட்டில் சாமி படத்துக்குக் கீழே ஒரு மஞ்சள் பையில் போட்டு, எல்லோர் கைக்கும் எட்டும்படி மாட்டி வைத்திருக்கிறோம்.