கோட்டின் இரண்டாவது பொத்தான்: வீட்டுப் பழைய போட்டோவைப் படிப்பது எப்படி?

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஐயாவின், அதாவது என் தாத்தாவின், படம் ஒன்று, எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் தொங்கிக்கொண்டிருந்தது. கறுப்புக் கோட்டு, மடியில் தடித்த புத்தகம், சிங்கமுகக் கைப்பிடி வைத்த நாற்காலி. "தாத்தா ரங்கூனில் பெரிய ஏஜெண்டாக இருந்தபோது எடுத்தது" என்று கேட்டே வளர்ந்தேன். வெள்ளையடிப்பதற்காகப் படத்தை இறக்கிய அன்றுதான் முதன்முதலாக அதைச் சட்டத்திலிருந்து பிரித்துப் பின்பக்கத்தைப் பார்த்தேன். எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது.

உங்கள் வீட்டிலும் முகத்தைப் பிறகு பாருங்கள். முதலில் படத்தைத் திருப்புங்கள்.

பிரிக்கும்போது பதற்றம் வேண்டாம். ஈரக்காற்றில் பல வருடம் இருந்த படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும், வெறும் தாள்தான் கையில் வரும். அப்படி ஒட்டியிருந்தால் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். கறுப்பான இடங்களில் வெள்ளிபோல ஒரு மினுக்கம் தெரிந்தால் துடைக்காதீர்கள். அது தூசி அல்ல, படத்திலிருக்கும் வெள்ளியே மேலே வந்து நிற்கிறது. ஸ்கேன் செய்யும்போது குறைந்தது 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வையுங்கள். முன்பக்கம் போலவே பின்பக்கத்தையும் ஓரங்கள் வெட்டுப்படாமல் எடுங்கள்.

ஐயாவின் படத்துக்குப் பின்னால் போஸ்ட்கார்டு கோடுகள் அச்சாகியிருந்தன. ரங்கூன் ஸ்டுடியோ ஒன்றின் ரப்பர் முத்திரை பாதி அழிந்து கிடந்தது. அதன் கீழே மங்கிய மையில், அந்தக் காலத்துக் கடிதங்களின் வழக்கமான நலவிசாரிப்பான "உபயகுசலோபரி" என்று தொடங்கும் நான்கு வரி. மேலே ஒரு தேதி: தாது ௵ ஐப்பசி ௴ ௰௨ ௳.

இந்தக் குறிகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள். ௰ என்றால் பத்து. ஆகவே ௰௨ பன்னிரண்டு. தமிழ் வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். தாது வருடம் 1876இலும் வந்தது, 1936இலும் வந்தது. போஸ்ட்கார்டு அச்சிட்ட போட்டோத்தாள் இருபதாம் நூற்றாண்டில்தான் புழக்கத்துக்கு வந்தது என்பதால் எங்களுக்குக் குழப்பமில்லை: 1936 அக்டோபர் கடைசி வாரம். எழுத்தும் தாளும் ஒன்றுக்கொன்று சாட்சி சொன்னால் மட்டுமே தேதியை நம்புங்கள். வீட்டில் வாய்வழியாக வரும் வருடம் பெரும்பாலும் ஏதாவது கல்யாணத்தோடோ புயலோடோ ஒட்டிக்கொண்டு நகர்ந்துவிடும்.

இனி முன்பக்கம். வண்ணத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அந்தக் காலத்து பிலிமும் கண்ணாடித் தகடும் பெரும்பாலும் சிவப்பை உணராதவை. குங்குமம் கறுப்பாக விழும், அரக்குக் கூறைப்புடவையும் கறுப்பாக விழும். அப்பத்தாவின் படத்தைப் பார்த்து "கறுப்புச் சேலை கட்டியிருக்கிறார்களே" என்று என் தங்கை வருந்தினாள். அது கல்யாணச் சேலை. முந்தானை வலது தோளில் இருந்தால், படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று சட்டைப் பையையும் எழுத்துகளையும் வைத்துச் சரிபாருங்கள்.

பிறகு பூதக்கண்ணாடியோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். முகத்தை விட்டுவிட்டுப் பொருள்களைப் பாருங்கள். ஐயாவின் கோட்டில் இரண்டாவது பொத்தான் இல்லை. கை நீளம் மணிக்கட்டைத் தாண்டியிருந்தது. கால்களில் செருப்பு இல்லை.

எங்கள் ஊரில் பர்மா போய்வந்த குடும்பங்கள் பல உண்டு. இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு வீட்டில், வேறொரு மனிதரின் படத்தில் அதே சிங்கமுக நாற்காலியைப் பார்த்தேன். அதே கோட்டு. இரண்டாவது பொத்தான் இல்லை! கோட்டும் புத்தகமும் ஸ்டுடியோவுக்குச் சொந்தமானவை. ஆகவே ஒரு படத்தோடு நிற்காமல் அக்கம்பக்கத்துப் படங்களையும் கேட்டுப் பாருங்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்கள் ஏராளமாக மின்னாக்கம் செய்திருக்கிறது. திரைச்சீலை, நாற்காலி, பூந்தொட்டி எல்லாம் ஒப்பிட அவை உதவும்.

வீட்டில் எஞ்சியவை எவை என்றும் யோசியுங்கள். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தது. அதன்பின் லட்சக்கணக்கான இந்தியர்கள் கடல் வழியாகவும் காட்டு வழியாகவும் ஓடிவந்தார்கள். ஊர் வந்து மறுபடியும் ரங்கூன் போயிருந்த ஐயா, அப்போது வெறுங்கையோடு வந்தார். அதற்கு முன்பே தபாலில் வந்துவிட்ட படம் மட்டும் பிழைத்தது. அதனால் வீட்டார் கண்ணில் படவேண்டும் என்று அவர் விரும்பிய ரங்கூனைத்தான் நாம் பார்க்கிறோம்.

கடைசியாக, பெரியவர்களிடம் கேட்பது. "இது யார்?" என்று கேட்காதீர்கள். பெயர் ஒன்று கிடைக்கும், பேச்சு முடிந்துவிடும். பொருளைக் கேளுங்கள். எண்பத்தெட்டு வயது அத்தையிடம் பெரிதாக்கிய படத்தைக் கொடுத்து, "இந்தக் கோட்டு நம் வீட்டில் இருந்ததா அத்தை?" என்றேன். அத்தை வெகுநேரம் அதைத் தடவிப் பார்த்தார்.

ஐயா கடையை நடத்தும் ஏஜெண்டு அல்ல. ரங்கூன் மொகல் தெருவில் ஒரு செட்டியார் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலை உதவியாளாக, மூன்று வருடக் கணக்குக்கு (ஒப்பந்தத்துக்கு)ப் போனவர். புறப்பட்டபோது அத்தை வயிற்றில். பிறந்த பிள்ளைக்கு அப்பத்தா தினமும் இந்தப் படத்தைக் காட்டி "அப்பா" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். 1939இல் ஐயா வேட்டி துண்டோடு வாசலில் வந்து நின்றபோது அத்தை அவரிடம் போகவில்லை. உள்ளே ஓடிச் சுவரைக் காட்டி, "எங்கப்பா கோட்டுப் போட்டிருப்பார்" என்று அழுதிருக்கிறார். ஐயா அன்று திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

அத்தை சொன்னதை, சொன்ன நாளோடு, ஒரு தாளில் எழுதிப் படத்தோடு உறையில் வைத்திருக்கிறேன். படத்தின் பின்னால் எதுவும் எழுதவில்லை. அந்த இடம் ஐயாவின் கையெழுத்துக்கு உரியது.