ஒரு காது கேட்காதவருக்கு எந்த நாற்காலி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குடிக்கப் போனால் பெரியப்பா முதலில் தேடுவது சுவரை. இடது காது கேட்காது. அந்தக் காதைச் சுவரோரம் வைத்து உட்கார்ந்துவிடுவார். சரியான வேலைதான். ஒரு சத்தம் இரண்டு காதுக்கும் சேரும் நேரத்தில், வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வித்தியாசம் இருக்கும். அதையும் சத்த அளவையும் ஒப்பிட்டுத்தான் மூளை திசையைக் கணிக்கிறது, இரைச்சலுக்குள்ளிருந்து பேச்சைப் பிரிக்கிறது. ஒரே காதென்றால் எதோடு ஒப்பிடுவது? தலையும் குறுக்கே நின்று, கேட்காத பக்கத்துப் பேச்சை மழுக்கிவிடும். அதனால் கத்தாதீர்கள், கேட்கும் காதுப் பக்கம் உட்காருங்கள். மோட்டார் சத்தம் எந்தப் பக்கமென்று அவருக்குப் பிடிபடாது, சாலையில் கேட்காத பக்கமாக நடங்கள். அப்புறம், திடீரென்று ஒரு காது மந்தமானால் குறும்பி என்று எண்ணெய் விட்டுக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.