பெரியவர்கள் வகுப்பில் குட்டி வீடியோ: எங்கே தவறுகிறோம்?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் லைன் வீடுகளுக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகளுக்கு, நடுவே, வாரத்தில் மூன்று மாலை பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பகலெல்லாம் கொழுந்து பறித்து, எடை போட்டு, வீட்டில் உலை வைத்துவிட்டு வருகிறவர்கள். எழுத்துக்கூட்டிப் படிப்பதோடு வரலாறும் அறிவியலும் கொஞ்சம் சேரட்டும் என்று சின்னச் சின்ன வீடியோக்கள் காட்ட ஆரம்பித்தேன். மூன்று வருடத்தில் கண்டது இதுதான்: வீடியோ நன்றாக இருந்தும் வகுப்பு கெடுகிறது என்றால், எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று நாம் கேட்கவில்லை. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

முதலில், வீடியோவை ஒரே மூச்சில் ஓடவிட்டுக் கடைசியில் "புரிஞ்சுதா?" என்று கேட்பது. "புரிஞ்சுது டீச்சர்" என்றுதான் பதில் வரும். மருமகள் பக்கத்தில் இருக்கும்போது எந்த மாமியார் தனக்குப் புரியவில்லை என்று சொல்வார்?

கொதிநிலை பற்றிய நான்கு நிமிட வீடியோ ஒன்று. "தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும்" என்ற இடத்தில் நிறுத்தி, பருப்பு வேக இங்கே எவ்வளவு நேரம், கீழே மேட்டுப்பாளையத்தில் எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "எங்க அண்ணன் வீடு அங்கதான். சட்டியிலயே வெந்துடும். இங்க குக்கர் இல்லாம ஆகாது" என்றார் ஓர் அக்கா. ஏன் என்று அவர்களையே யோசிக்கச் சொன்னேன். குளிர் என்றார்கள், தண்ணீர் என்றார்கள், விறகு ஈரம் என்றார்கள். அப்புறம்தான் காற்றழுத்தத்துக்கு வந்தோம். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். மேலே போகப்போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். இங்கே 94 டிகிரி வாக்கில், 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் 93-ஐ ஒட்டி. கொதித்த பிறகு எவ்வளவு விறகு வைத்தாலும் தண்ணீரின் சூடு அதற்கு மேல் ஏறாது, ஆவியாகத்தான் போகும். குக்கர் அந்த ஆவியை அடைத்து அழுத்தத்தைக் கூட்டுகிறது, அதனால் சூடு 100-ஐத் தாண்டுகிறது. வீடியோ சொன்ன 100 பொய்யல்ல, அது கடல் மட்டத்துக் கணக்கு. நிறுத்தாமல் விட்டிருந்தால், தங்கள் அடுப்பில் நடப்பதற்குப் பொருந்தாத ஓர் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு போயிருப்பார்கள்.

குழந்தைகளுக்கென்று எடுத்த வீடியோவைப் பெரியவர்களுக்குப் போடுவது இன்னொரு தவறு. எளிதாக இருக்கிறதே என்றுதான் எடுக்கிறோம். ஆனால் கீச்சுக்குரலில் ஓர் ஆப்பிள் "குட்டீஸ்!" என்று கூப்பிடும்போது ஐம்பது வயது மனிதரின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். வெட்டிய ஆப்பிள் ஏன் பழுப்பாகிறது என்ற விஷயம் நல்ல விஷயம். அதே விஷயத்தைச் சாதாரணக் குரலில் சொல்லும் வீடியோ ஒன்றைத் தேடி எடுத்து, பாதியில் நிறுத்தி, "ஃபேக்டரியில இலையை அரைச்சுப் பரப்பினா என்ன ஆகும்?" என்று கேட்டேன். ஃபேக்டரியில் வேலை செய்யும் ஓர் அண்ணன் எழுந்து நின்றே பேசினார். பச்சை இலை எப்படிச் செம்பு நிறத்துக்கு வரும், வாசனை மாறுவதை வைத்து எப்போது உலர்த்த அனுப்புவார்கள் என்று பத்து நிமிடம் சொன்னார். ஃபேக்டரியில் அதற்குப் புளிக்கவைத்தல் என்று பெயர். உண்மையில் அது மாவு புளிப்பதைப் போன்றதல்ல. இலை நசுங்கும்போது அதிலுள்ள நொதி காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து செய்கிற வேலை. ஆப்பிளிலும் கத்தரிக்காயிலும் நடப்பது அதுவே. அந்த ஒரு வரியை மட்டும் நான் சேர்த்தேன்.

முன்கூட்டிப் பார்க்காமல் போடுவதும் ஆபத்து. வரலாற்று வீடியோ என்றால் இரண்டு மடங்கு ஆபத்து. "1819-இல் ஜான் சல்லிவன் நீலகிரியைக் கண்டுபிடித்தார்" என்று ஒரு வீடியோ ஆரம்பித்தது. பக்கத்து ஹட்டியிலிருந்து (படகர் ஊரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) வரும் படகர் பாட்டி ஒருவர், "அதுக்கு முன்னாடி நாங்க எல்லாம் எங்க இருந்தோமாம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தோடரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் படகரும் வாழ்ந்த மலைக்குக் கோவை கலெக்டராக இருந்த சல்லிவன் ஏறி வந்தார், கன்னேரிமுக்கில் பங்களா கட்டினார். நடந்தது அவ்வளவுதான். ஒரு வினைச்சொல் தவறினால் வகுப்பில் பாதிப் பேரின் வரலாறு அழிந்துபோகிறது. பெருமை பேசும் வீடியோக்களிலும் இதே கவனம் வேண்டும். கீழடியின் காலத்தைத் தமிழகத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கை கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வரை கொண்டுபோனது. 20,000 ஆண்டு என்று பின்னணி இசையோடு முழங்கும் வீடியோவைக் காட்டினால், அந்த அறிக்கைக்குப் பின்னால் இருக்கிற உழைப்புக்குத்தான் கெடுதல்.

சில்லறை விஷயங்களும் உண்டு. மலையில் சிக்னலை நம்பாதீர்கள், முந்தின நாளே டவுன்லோட் செய்துவிடுங்கள். மழை தகரத்தில் விழுந்தால் போன் ஸ்பீக்கர் கேட்காது, தனி ஸ்பீக்கர் வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், காலையிலிருந்து சரிவில் நின்ற உடம்பு இருட்டில் உட்கார்ந்தால் கண் சொருகும். திரையில் ஓடும் எழுத்தைப் புதிதாகப் படிக்கிறவர்கள் பிடிப்பதற்குள் அது போய்விடும், அங்கே நிறுத்திச் சேர்ந்து வாசியுங்கள்.

நான் மனதில் வைத்திருக்கும் தவறு ஒன்று உண்டு. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் 1964-இல் செய்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் பற்றிய வீடியோ. இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த 9,75,000 இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று வரைபடத்தில் ஓர் அம்புக்குறி வளைந்து வந்தது. இங்கே சிலோன்காரர்கள் என்று சொல்லப்படும் குடும்பங்கள் அந்த அம்புக்குறியில் வந்தவைதான். அவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968-இல் அரசு நீலகிரியில் தேயிலை பயிரிடத் தொடங்கியது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் போட்டுவிட்டேன். கப்பல் படம் வந்ததும் ஒரு பெரியம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். நான் நிறுத்தவில்லை.

அடுத்த வகுப்புக்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "போட்டதுல தப்பில்ல. முன்னாடியே சொல்லியிருந்தா மனசைத் தயார் பண்ணியிருப்பேன்" என்றார். இப்போதெல்லாம் அழ வைக்கக்கூடிய வீடியோ என்றால், அது தொட்ட ஆட்களிடம் முந்தின நாளே சொல்லிவிடுகிறேன், நிலச்சரிவு பற்றிய அறிவியல் வீடியோ உட்பட. வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன். பெரியம்மா வேண்டும் என்றார். இந்த முறை படத்தின் சத்தத்தை அணைத்துவிட்டு அவரே பேசினார். ஒன்பது வயதில் தகரப்பெட்டி மேல் உட்கார்ந்து கடலைப் பார்த்தது, முகாமில் சோற்றுக்கு வரிசையில் நின்றது.

வீடியோ முடிந்ததும் மூன்று சொல்லைப் பலகையில் எழுதுவது எங்கள் வழக்கம். சொற்களை அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். அன்றைக்குக் கப்பல், முகாம் இருந்த மண்டபம், கப்பல் ஏறிய தலைமன்னார். மண்டபத்துக்கு மூன்று சுழி, மன்னாருக்கு இரண்டு சுழி என்று பெரியம்மாதான் பக்கத்தில் இருந்தவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.