அதே எண், வேறு சரக்கு: பொதுக் களஞ்சியத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டனில் எங்கள் மென்பொருள் குழுவில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதக்கூடாது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் குழு முழுவதும் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்புகளை (பேக்கேஜ்) பதிப்பு எண்ணோடு சேர்த்துவைக்கும் பொதுக் களஞ்சியத்தில் கைவைத்தால், நாங்கள் முன்பு ஆடிய அதே கூத்துகளைத்தான் ஆடுகிறார்கள்.

வெளியான பதிப்பை மாற்றி ஏற்றுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. தேயிலைக் கொழுந்து நிறுவைக் கணக்கு மென்பொருளில், எடையை அரைக் கிலோவுக்குச் சீராக்கும் சிறிய பேக்கேஜ் ஒன்று இருந்தது. 1.4.2 வெளியானபின் அதில் பிழை கண்ட தம்பி ஒருவர், "ஒரு வரிதானே" என்று திருத்தி, அதே எண்ணிலேயே மறுபடி ஏற்றிவிட்டார்.

வெளியீட்டுப் பதிப்பு ஒன்று கணினியில் ஏற்கெனவே இருந்தால் பேக்கேஜ்களைக் கொண்டுவரும் கருவியான மேவன் அதைக் களஞ்சியச் சர்வரில் மறுபடி தேடாது. ஆகவே பழைய கணினிகளில் பழைய கணக்கு, புதிதாக நிறுவியதில் புதிய கணக்கு. 12.3 கிலோ கொழுந்து ஒரு திரையில் 12 என்றும் இன்னொன்றில் 12.5 என்றும் விழுந்தது. பறித்த கிலோவுக்குக் காசு எண்ணும் இடத்தில் இது விளையாட்டா? நிரலை வரி வரியாகத் துருவினோம், ஒன்றும் அகப்படவில்லை. இரு கணினிகளின் ஜார் கோப்புகளுக்கும் (பேக்கேஜ் வந்து சேரும் கோப்பு) ஷா-256 என்ற, உள்ளடக்கத்திலிருந்து கணிக்கும் அடையாளக் குறியை எடுத்து ஒப்பிட்டபோதுதான் குட்டு உடைந்தது.

ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களுக்கான என்பிஎம்மில் என்றால், பதிப்பையும் இதே போன்ற குறியையும் பதிந்துவைக்கும் லாக் கோப்பிலுள்ள குறி பொருந்தாமல் நிறுவும்போதே பிழை காட்டும். உடனே லாக் கோப்பை அழித்துவிட்டு "இப்போது சரி" என்கிறவர்களை என்ன செய்வது?

களஞ்சியத்தை நடத்தும் மென்பொருளான நெக்ஸஸில் வெளியீட்டுக் களஞ்சியத்துக்கு மறு ஏற்றத்தைத் தடுத்துவையுங்கள். ஒரு வரித் திருத்தமானாலும் 1.4.3. எண்ணுக்கு யாரும் காசு கேட்பதில்லை. அடிக்கடி மாறுவதற்குத்தான் ஸ்னாப்ஷாட் என்ற, இன்னும் வேலை முடியாத பதிப்பு தனியாக இருக்கிறது.

எல்லோருக்கும் ஏற்றும் உரிமை

வேண்டாம். நிரலைத் தொகுத்துப் பேக்கேஜாக்கும் பில்ட் சர்வருக்கு மட்டும்.

உள்வீட்டுப் பெயரை வெளியில் தேடவிடுவது

உள்வீட்டு பேக்கேஜின் பெயரிலேயே, உயர்ந்த பதிப்பு எண்ணுடன், பொது இணையக் களஞ்சியத்தில் ஒன்றை ஏற்றினால் ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்களுக்குள்ளேயே அது ஓடும் என்று 2021 பெப்ரவரியில் பாதுகாப்பு ஆய்வாளர் அலெக்ஸ் பிர்சன் வெளியிட்டார். குழுவுக்கென ஒரு ஸ்கோப் பெயர் (பேக்கேஜ் பெயருக்கு முன் வரும் குழுப் பெயர்) எடுத்து, அதை உள் சர்வருக்கு மட்டும் திருப்பிவிடுங்கள்.

இணையத்தை நம்பியிருப்பது

2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி பேக்கேஜை அதன் ஆசிரியர் நீக்கியதும் உலகெங்கும் பில்டுகள் நின்றன. நமக்கு அவ்வளவுகூட வேண்டாம். மழைக்காலத்தில் கேபிள் மேல் ஒரு மரம் சாய்ந்தால் போதும். வெளியிலிருந்து வருவதெல்லாம் ப்ராக்ஸி (நடுவில் நின்று எடுத்து நகல் வைக்கும் களஞ்சியம்) வழியாக வந்து சர்வரில் தங்கட்டும். டிஸ்க் நிரம்பியதென்று பழையதை அழிக்கப் போகிறவர்கள், எந்தத் தோட்டத்தில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று முதலில் விசாரியுங்கள்.