மலையகத்து ஜீப்புக்குப் பெரிய டயர்: கிளச் கருகுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

மெனுவல் கியர் ஜீப்புக்குப் பெரிய டயர் மாட்டினால் முதலில் அடி வாங்குவது கிளச். அதுவும் மீமுரே பக்கத்துச் சேற்றிலோ தோட்டத்துக் கல்ரோட்டிலோ அல்ல, கடுகண்ணாவை ஏற்றத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று நின்று நகரும்போதுதான். கல்ரோட்டில் 4 லோ, அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் மெதுவான கியர், போட்டு மெல்ல ஊர்ந்து போகலாம். காய்ந்த தார் ரோட்டில் அது முடியாது. முன் பின் அச்சுகள் வேறு வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுக்கும் நடு டிஃபரன்ஷியல் இல்லாத ஜீப்பில் தார் ரோட்டில் 4 லோ போட்டு வளைவில் திருப்பினால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். ஆகவே தார் ஏற்றத்தில் கைவசம் இருப்பது முதல் கியரும் கிளச்சும் மட்டும். டயர் வாங்கும்போது பெரும்பாலோர் சேற்றைத்தான் நினைக்கிறார்கள். இந்தத் தார் ஏற்றம் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

விட்டத்தைக் கணக்கிடாமல் வாங்குவது

டயரின் பக்கத்தில் உள்ள எண்களைக் கூட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பழைய 1.3 ஜிம்னியில் வருவது 205/70 ஆர் 15. 205இல் 70 சதவீதம் 143.5 மில்லிமீற்றர், அதுதான் பக்கச் சுவரின் உயரம். மேலும் கீழும் சேர்த்து 287. அதோடு 15 இன்ச் ரிம்முக்கு 381 கூட்டினால் மொத்த விட்டம் 668 மில்லிமீற்றர். இதே கணக்கில் 215/75 ஆர் 15 என்பது 703.5, அதாவது 5.3 சதவீதம் கூடுதல். 235/75 ஆர் 15 என்பது 733.5; 9.8 சதவீதம் கூடுதல்.

விட்டம் எத்தனை சதவீதம் கூடுகிறதோ, எல்லாக் கியரும் அத்தனை சதவீதம் நீண்டுவிட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கியர் 4.4, அச்சின் விகிதம் 4.1 என்று வைத்துக்கொண்டால், பழைய டயரில் எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுழற்சியில் ஓடும்போது வண்டி மணிக்கு 7 கிலோமீற்றர் போகும். 733 மில்லிமீற்றர் டயரில் அதே சுழற்சிக்கு 7.7. சின்ன வித்தியாசம் மாதிரித்தான் தெரியும். சமதரையில் அது சின்னதுதான்.

ஏற்றத்தில் கதை வேறு. முதல் கியரில் சக்கரத்துக்குக் கிடைக்கும் இழுவை 10 பங்கு, அதில் 6 பங்கை ஏற்றமே தின்றுவிடுகிறது என்று வையுங்கள். வண்டியை நகர்த்த மிச்சம் 4. டயர் 9.8 சதவீதம் பெருத்தால் இழுவை 9.1 ஆகிறது. ஏற்றம் குறையாது, அதே 6தான். மிச்சம் 3.1. நகர்த்தும் பலத்தில் கால்வாசி போய்விட்டது. கிளச் முழுதாகப் பிடிக்கவேண்டிய வேகமும் கூடிவிட்டதால், அது வழுக்கிக்கொண்டே இருக்கும் நேரமும் அதில் பிறக்கும் சூடும் ஏறத்தாழ 40 சதவீதம் கூடும். சமதரையில் இது 20 சதவீதம்தான். மாத்தறையில் பெரிய டயரோடு பிரச்சினையே இல்லாமல் ஓடும் ஜீப்பைப் பார்த்து, நானுஓயாவில் இருப்பவர் அதே டயரை வாங்கக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு மேல் உயரமும் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினின் பலமும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். டர்போ டீசலுக்கு இந்த இழப்பு குறைவு.

கியர் விகிதத்தைத் தொடாமல் மலையகத்தில் தினமும் ஓடப்போகும் மெனுவல் வண்டிக்கு 5 சதவீதத்தை ஒட்டிய அளவே எல்லை. ஜிம்னிக்கு 215/75 போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் முன் பின் இரண்டு அச்சிலும் உள்ள பற்சக்கர ஜோடியை, அதாவது கிரவுன் வீலையும் பினியனையும், மாற்ற வேண்டும்; 4.1 இருந்த இடத்தில் 4.5 பக்கம் வந்தால் பழைய இழுவை திரும்பும். செலவைப் பார்த்துப் பின் அச்சில் மட்டும் மாற்றிவிட்டு ஓடும் யோசனை சிலருக்கு வரும். ஃபோர் வீல் போட்ட முதல் நாளே, இரண்டு அச்சுக்கும் பலத்தைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டி உடைய அது நல்ல வழி. பற்களுக்கு இடையேயான தளர்வை டயல் கேஜ் வைத்து அளக்காத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்கவே வேண்டாம். 2020இலிருந்து 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி நின்றிருந்ததால் நம் ரோட்டில் ஓடும் ஜீப்புகளில் பெரும்பாலானவை பழையவை; அவற்றுக்கான பினியன் செட் உடனே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பினியன் செட் கையில் கிடைத்த பிறகு டயருக்கு முற்பணம் கொடுப்பதே சரி.

பழைய கிளச்சில் புதிய டயர்

டயர் மாற்றுவதற்கு முன்பே கிளச்சைச் சோதியுங்கள். சமதரையில் நாலாம் கியரில் மணிக்கு 40 கிலோமீற்றரில் போய்க்கொண்டிருக்கும்போது எக்சலேட்டரை முழுதாக மிதியுங்கள். எஞ்சின் சத்தம் ஏறி, வேகம் அதற்கேற்ப ஏறாவிட்டால் கிளச் தட்டு ஏற்கெனவே வழுக்குகிறது. பெரிய டயரோடு அது ரம்பொடை ஏற்றத்தைத் தாண்டாது. நகர்த்தும்போது வண்டி உதறினால் ஃபிளைவீலில் சூட்டுத் திட்டுகள் இருக்கலாம். தட்டை மட்டும் மாற்றினால் போதாது, ஃபிளைவீலையும் கடைந்து சமப்படுத்த வேண்டும்.

ஓட்டும் பழக்கமும் மாற வேண்டும். ஏற்றத்தில் நிற்கும்போது அரைக் கிளச்சில் வண்டியைத் தாங்கி வைப்பது பலருக்கு ஊறிப்போன வழக்கம். பழைய டயரில் அது கிளச்சின் ஆயுளை மெல்லத் தின்றது. பெரிய டயரில் ஒரே மாலையில் கருகல் வாசனை வரும். கை பிரேக்கில் நிறுத்தி, கிளச் பிடிக்கும் புள்ளி தெரிந்ததும் கை பிரேக்கை விடுங்கள். கை பிரேக் ஏற்றத்தில் வண்டியைப் பிடிக்காவிட்டால் டயருக்கு முன் அதைச் சரிபாருங்கள். வாசனை வந்துவிட்டால் ஓரமாக நிறுத்திப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிடுவதைத் தவிர வேறு மருந்து இல்லை.

ஐந்தாம் கியரை மறந்துவிடலாம், குறைந்தது ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே. மூன்றில் ஏறிய இடத்தில் இனி இரண்டு. 1,500 சுழற்சிக்குக் கீழே டீசல் எஞ்சினை முக்க முக்க மிதித்தால் எஞ்சினும் சூடேறும், கியர் பெட்டியும் அதிரும்.

இறக்கத்தை யோசிக்காதது

ஏறுவதைப் பற்றிப் பேசும் அளவுக்கு இறங்குவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் ஆபத்து அங்கேதான் அதிகம். பிரேக் டிஸ்க்கும் டிரம்மும் பழைய அளவே. சக்கரத்தின் ஆரம் மட்டும் நீண்டிருக்கிறது. அதே மிதிக்கு ரோட்டில் கிடைக்கும் நிறுத்தும் பலம், 9.8 சதவீதம் பெரிய டயரில், கிட்டத்தட்ட 9 சதவீதம் குறையும். எஞ்சின் பிடிமானமும் அதே அளவு குறையும். லோ இல்லாத முதல் கியரில் 2,000 சுழற்சியில் முன்பு 14 கிலோமீற்றரில் இறங்கிய வண்டி இப்போது 15.3இல் இறங்கும். அந்த மிச்ச வேகத்தைக் கால் பிரேக்தான் சுமக்கும். ரம்பொடையிலிருந்து கம்பளை வரை அப்படி இறங்கினால் பிரேக் ஒயில் கொதித்து, மிதி வெறுமையாகக் கீழே போகலாம். ஒயில் இரண்டு வருடத்துக்கு மேல் பழையதென்றால் டயரோடு அதையும் மாற்றுங்கள். இந்தப் பக்கத்து ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும், ஈரம் கூடக் கூட கொதிநிலை இறங்கும்.

அகலம்தான் பலம் என்று நினைப்பது

தேயிலைத் தோட்டத்துப் பாதைக்கு அகலமான டயர் அவசியமில்லை. மழையில் மேல் மண் சவர்க்காரம் போல வழுக்கும். அடியில் கல் இருக்கும். ஒல்லியான டயர் அந்தச் சேற்றை வெட்டிக் கல்லைத் தொடும். அகலமானது மேலேயே மிதக்கும். பழைய லேண்ட் ரோவர்களில் 7.50-16 என்ற உயரமான, ஒல்லியான அளவு தோட்டங்களில் இத்தனை காலம் நிலைத்தது சும்மா இல்லை.

ரிம் அகலத்தையும் பாருங்கள். ஜிம்னியின் ரிம் 5.5 இன்ச். 215/75க்கு அது சரி. 235/75க்குக் குறைந்தது 6 இன்ச் வேண்டும். ஒடுங்கிய ரிம்மில் அதை மாட்டினால் நடுப்பகுதி மட்டும் தேயும், வளைவில் வண்டி தள்ளாடும்.

சேற்று டயரா, எல்லாத் தரைக்குமான டயரா என்ற கேள்விக்கு, வாரத்தில் ஆறு நாள் தாரில் ஓடுபவருக்கு இரண்டாவதுதான் பதில். சேற்று டயரின் பெரிய கட்டைகளில் (ரோட்டைத் தொடும் ரப்பர்த் துண்டுகளில்) நுண்ணிய வெட்டுகள் குறைவு; மூடுபனியில் நனைந்த தாரில் நிற்கத் தாமதமாகும். மே முதல் செப்டம்பர் வரை ஹட்டன், கினிகத்தேனை பக்கம் தென்மேல் பருவமழை. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை பதுளைப் பக்கம் வடகீழ். ஈரத் தார் இங்கே விதிவிலக்கல்ல. கூரான கல் நிறைந்த பாதையில் தினமும் போகிறவர், பக்கச் சுவர் தடிப்பான வகையைக் கேட்டு வாங்கலாம்.

எடையைக் கடைக்காரர் சொல்லமாட்டார். பழைய சக்கரத்தையும் புதியதையும் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசில் மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். சக்கரத்துக்கு ஐந்து கிலோ கூடினாலே, ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் நிறுத்தும்போதும் கிளச்சும் பிரேக்கும் அதை உணரும். வீல் பெயரிங்கும் ஷொக் அப்சோர்பரும் சீக்கிரம் தேயும்.

திருப்பத்தில் உரசல்

கடை வாசலில் ஸ்டியரிங்கை இரு பக்கமும் திருப்பி, உரசவில்லை என்று கிளம்புவது பொதுவான பிழை. ஒரு முன் சக்கரத்தைக் கல் குவியலில் ஏற்றி, எதிர்மூலைப் பின் சக்கரத்தையும் ஏற்றி, ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். முன்னாலும் பின்னாலும் நகர்த்திப் பாருங்கள். மட்காட், பிரேக் குழாய், ஸ்பிரிங், பம்பர் மூலை எதிலும் விரல் அகலமாவது இடைவெளி இருக்க வேண்டும். பிரேக் குழாயில் உரசினால் பேச்சே இல்லை, அந்த டயர் வேண்டாம்.

உரசலைத் தவிர்க்க ஸ்டியரிங் நிறுத்து போல்ட்டை வெளியே இழுத்துவிடும் பட்டறைகள் உண்டு. திருப்ப வட்டம் பெருத்துவிடும். தோட்டத்துக் கொண்டை ஊசி வளைவில் முன்பு ஒரே வீச்சில் திரும்பிய வண்டி இனி இரண்டு முறை பின்னால் போய் வர வேண்டும். ஏற்றத்தில், பின் கியரில், ஒரு பக்கம் பள்ளம். மறுபடியும் கிளச்சின் தலையில்தான் வந்து விடிகிறது. ரிம்மை வெளியே தள்ளும் ஸ்பேசரும் வேண்டாம். பெயரிங்கும் சில்லு போல்ட்டுகளும் அதன் பாரத்தைச் சுமக்கும்.

காற்றும் மற்றவையும்

கதவில் ஒட்டியிருக்கும் காற்றழுத்த அட்டை பழைய டயருக்கானது. புதியதுக்கு 30 பிஎஸ்ஐயில் தொடங்கி, டயரின் குறுக்கே சுண்ணாம்புக் கோடு போட்டு, நேரான தாரில் முப்பது மீற்றர் உருட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம். ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. சேற்றுக்கு 20 வரை இறக்கலாம், தார் ஏறுமுன் திரும்ப அடிக்கக் கையில் ஒரு கம்பிரசர் வேண்டும். கொழும்பில் 30 பாகை வெயிலில் 30 பிஎஸ்ஐ அடித்துவிட்டு 10 பாகைக் குளிரில் நுவரெலியாவில் அளந்தால் ஏறக்குறைய அதே 30தான் காட்டும். குளிர் அழுத்தத்தைக் குறைக்கிறது, வெளிக்காற்று மெலிந்திருப்பது கேஜைக் கூட்டிக் காட்டுகிறது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும்.

வேகமானி 60 காட்டும்போது 9.8 சதவீதம் பெரிய டயரில் வண்டி 66இல் போகும். கிலோமீற்றர் கணக்கும் அப்படியே. எஞ்சின் ஒயில் மாற்றும் இடைவெளியைப் பத்தில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ளுங்கள்.

பழைய டயர் வாங்கினால் பக்கத்திலுள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். கட்டை எவ்வளவு உயரமாக இருந்தாலும் ஆறேழு வருடம் வெயிலில் கிடந்த ரப்பர் ஈரத்தில் பிடிக்காது.

நான்கும் ஒரே அளவு, ஒரே தேய்மானம். இரண்டு புதிது, இரண்டு பழையது என்று ஃபோர் வீலில் ஓட்டினால் டிரான்ஸ்ஃபர் பெட்டிதான் வித்தியாசத்தைத் தாங்கும். ஸ்பெயார் சக்கரமும் அதே அளவில் ஐந்தாவதாக வாங்க வேண்டும். அது பின் கதவில் தொங்குவதென்றால் கதவுக் கீல் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று பாருங்கள். வண்டியோடு வந்த ஜாக் புதிய உயரத்துக்குத் தூக்குமா என்பதை வீட்டு முற்றத்திலேயே ஒருமுறை தூக்கிப் பாருங்கள். மாட்டிய பிறகு 50 முதல் 100 கிலோமீற்றருக்குள் எல்லாச் சில்லு நட்டுகளையும் திரும்ப இறுக்குங்கள்.