எவோ, இம்ப்ரெசா வாங்கினதும் காரை இறக்காதீங்க

இங்க இங்கிலாந்துல பழைய மிட்சுபிஷி லான்சர் எவோவோ சுபாரு இம்ப்ரெசாவோ (ரேலில பேர் எடுத்த டர்போ கார்கள்) வாங்குற பசங்க என்கிட்ட வந்து கேக்குற முதல் கேள்வி, "அண்ணா, எவ்ளோ இறக்கலாம்?" அதாவது பாடிய ரோட்டுக்கு எவ்ளோ கிட்ட தாழ்த்தலாம்னு. ஆயில் பாரு, டைமிங் பெல்ட் பாருன்னு நான் சொல்லப் போறதில்ல, அது அவங்களுக்கே தெரியும். நான் பண்ண அதே தப்ப பண்றாங்களேன்னுதான் மனசு கேக்கல.

காரை இறக்குறது

என் முதல் இம்ப்ரெசால டயருக்கும் அதுக்கு மேல இருக்குற பாடி வளைவுக்கும் (ஆர்ச்) நடுவுல இருந்த கேப் புடிக்கல, 40 மிமீ இறக்குற ஸ்பிரிங் போட்டேன். கடைக்காரர் ரேலி கார் மாதிரி ஓடும்னார். வேல்ஸ் மலை ரோட்டுல எடுத்துட்டுப் போனா, வளைவுல கார் முன்னவிட அதிகமா சாயுது, நடுவுல ஒரு மேடு வந்தா ஸ்டீயரிங் தானா இழுக்குது. சரி ஸ்பிரிங் பத்தலன்னு தடியான ஆன்ட்டி ரோல் பார் (சாயுறத குறைக்குற கம்பி) போட்டேன், அப்புறம் காயிலோவர் (உயரத்த மாத்துற ஸ்பிரிங்-ஷாக் செட்), அப்புறம் அலைன்மெண்ட் மூணு தடவ, காசு போச்சே தவிர கார் சரியாகல.

கடைசில காருக்கு அடியில படுத்துப் பார்த்தப்பதான் விளங்குச்சு. முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட், அதாவது மேல ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒண்ணா, கீழ வீல பாடியோட சேக்குற ஒரே ஒரு லோயர் ஆர்ம். கம்பெனில இருந்து வரும்போது லோயர் ஆர்ம் வீல் பக்கம் கொஞ்சம் கீழ சாஞ்சிருக்கும். பாடிய இறக்கினா அந்த ஆர்ம் நேராகி, இன்னும் இறக்கினா வீல் பக்கம் மேல தூக்கிக்கும். அப்போ ரோல் சென்டர் (வளைவுல பாடி எந்தப் புள்ளிய சுத்தி சாயுதோ அது) பாடி இறங்கினதைவிட அதிகமா கீழ போயிடும், எடை மையத்துக்கும் அதுக்கும் நடுவுல தூரம் கூடும், அந்தத் தூரந்தான் காரை சாய்க்குற நெம்புகோல். தாழ்வா இருக்குற கார் அதிகமா சாயுறதுக்கு இதான் காரணம். போதாததுக்கு சஸ்பென்ஷன் ட்ராவல் குறைஞ்சு, வளைவு நடுவுல பம்ப் ஸ்டாப்ல (சஸ்பென்ஷன் முட்டி நிக்குற ரப்பர்) இடிச்சு திடீர்னு கிரிப் போகும்.

ரேலி கார் டார்மாக்ல (தார் ரோட்டுல) தாழ்வா ஓடுதேன்னு கேப்பாங்க. ஓடுது, ஆனா அதுக்கேத்த மாதிரி ஆர்ம், ஜாயிண்ட் எல்லாம் சேத்து மாத்துவாங்க, கிராவல்னா (சரளை மண் ரோடு) திரும்ப உயரமா தூக்குவாங்க. எவோ ஆறோட டாமி மாக்கினென் எடிஷன (ரேலி சாம்பியன் பேர்ல வந்த மாடல்) டார்மாக்க மனசுல வச்சு மிட்சுபிஷியே கொஞ்சம் தாழ்த்திச்சு, ஆனா கூடவே ஸ்டீயரிங் ரேஷியோவையும் மாத்தி முன்பக்க ஸ்ட்ரட் பிரேஸும் போட்டுத்தான் வித்துச்சு. வெறும் ஸ்பிரிங்க மட்டும் மாத்துறது பாதி வேலைய பண்ணிட்டு முடிஞ்சதுன்னு சொல்ற மாதிரி. இறக்கியே ஆகணும்னா ரோல் சென்டர் கிட்டுக்கும் (நீளமான பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட்) சேத்து காசு வச்சுக்கோங்க. இல்லன்னா கம்பெனி உயரத்துலயே நல்ல ஷாக் அப்சார்பர் போட்டு ஓட்டுங்க, நான் இப்போ அப்படித்தான் ஓட்டுறேன். சுபாரு பாக்ஸர் இன்ஜின்ல சிலிண்டர் ஏற்கனவே படுத்துக்கிட்டுதான் இருக்கு, எடை தாழ்வாதான் இருக்கு.

2.5 பெருசு, அதனால நல்லதுன்னு நம்புறது

சுபாருவோட 2.0 லிட்டர் இன்ஜின் ஈஜே20க்கு போர் (சிலிண்டரோட உள் விட்டம்) 92 மிமீ, 2.5 லிட்டர் ஈஜே25க்கு 99.5. சிலிண்டருக்கு சிலிண்டர் இடைவெளி ரெண்டுலயும் ஒண்ணுதான், அதனால பெரிய போர்னா நடுவுல மிஞ்சுற உலோகம் கம்மி. 2.5 கீழ் ஆர்பிஎம்லயே நல்லா இழுக்கும், தினசரி ஓட்ட சுகம், ஆனா நாக் (பெட்ரோல் நேரம் தப்பி வெடிக்கிறது) வந்தா பிஸ்டன்ல ரிங் நிக்குற இடம் உடையுறது அதுல அடிக்கடி பாக்குற வியாதி. ஜப்பான்ல வித்த மேனுவல் டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐல (இம்ப்ரெசா வரிசையோட உச்ச மாடல்) கடைசி வரைக்கும் 2.0தான், அது உயர ஆர்பிஎம்ல சுத்த விரும்புற இன்ஜின்.

எவோக்காரன் பூஸ்ட்ட பாத்து சுபாருல ஏத்துறது

எவோ ஒன்பது வரைக்கும் இருந்த 4ஜி63 இன்ஜின் வார்ப்பிரும்பு பிளாக், அதான் பூஸ்ட்ட (டர்போ தள்ளுற காத்தோட அழுத்தம்) ஏத்தினா தாங்குது. உங்க சுபாரு பிளாக் அலுமினியம். எவோ பத்துல வந்த 4பி11 இன்ஜினும் அலுமினியம்தான், அதுக்கும் பழைய எவோ கணக்கு ஒத்து வராது.

டயர்

நாலும் ஒரே பிராண்ட், ஒரே தேய்மானம். இல்லன்னா சென்டர் டிஃப் (முன், பின் வீலுக்கு சக்திய பிரிக்குற பாகம்) போயிடும்.